பத்தில் முதலாவது

படிவத்தில் ஓர் உடம்பை வரைந்திருந்தார்கள்.
முகமில்லை. விரல்கள்கூட ஒட்டியே இருந்தன.
வலிக்கும் இடத்தில் பெருக்கல் குறி போடவும்.
வலது தோளில் போட்டேன்.
யோசித்து, அதன்மேலேயே
அழுத்தி இன்னொரு முறை போட்டேன்.

தொழிலாளர் காப்பீடு பத்து அமர்வு தந்திருக்கிறது.
பதினோரு வருஷ நண்டுக்குப் பத்து அமர்வு.
கணக்குப் புரியவில்லை.
கையெழுத்துப் போட்டேன்.

பூந்தா அரேனாசில் அன்று
தெருமுனையில் கயிறு கட்டிப் பிடித்து நடக்கிற காற்று.
தகரக் கூரை ஓயாமல் பேசிக்கொண்டிருந்தது.
நெலிதா என்று பேர்.
நகங்களை ஒட்ட வெட்டியிருந்தாள்,
முதலில் அதைத்தான் பார்த்தேன்.
"எதுவரை கழற்றினால் உங்களுக்கு வசதியோ
அதுவரை போதும், செனோரா ஒயார்சூன்.
போர்வைக்குள் குப்புறப் படுங்கள்.
கதவைத் தட்டிவிட்டுத்தான் வருவேன்."

எது வசதி?
இந்தக் கேள்விக்கு எனக்குப் பழக்கமில்லை.
காலுறை இருக்கட்டுமா வேண்டாமா என்பதிலேயே
நாலு நிமிஷம் போனது.
கட்டைவிரலில் ஓட்டை.
கழற்றி, பைக்குள் ஒளித்தேன்.

மேசையின் தலைமாட்டில் வட்டமாக ஒரு துளை.
முகத்தை அதில் புதைத்தால்
உலகம் இரண்டு சாண் தரை,
ஒரு நாற்காலிக் கால்,
வந்து நிற்கும் இரண்டு வெள்ளைச் செருப்பு.

எண்ணெயைத் தன் உள்ளங்கையில் சூடாக்கிவிட்டே தொட்டாள்.
வாசனை எதுவும் இல்லை.
நான்தான் வேண்டாமென்று குறித்திருந்தேன்.
போதும்,
எலுமிச்சை போட்டுத் தேய்த்தும் போகாத ஒன்று
என்னிடம் இருக்கிறது.

"கையை எனக்குக் கொடுங்கள்" என்றாள்.
கொடுத்தேன்.
"இல்லை, இன்னும் நீங்கள்தான் வைத்திருக்கிறீர்கள்."

ஒன்றிலிருந்து பத்துக்குள் வலி எவ்வளவு?
மூன்று என்றேன்.
கூட்டிச் சொன்னால் நிறுத்திவிடுவாளோ என்று பயம்.
கட்டைவிரல் அங்கேயே நின்றது.
"மூச்சு எட்டு என்கிறதே."

நான் சென்தோயா நண்டு உடைக்கிறவள்.
எங்கே அழுத்தினால் மூட்டு கழலும்,
எந்த விளிம்பில் நெம்பினால் ஓடு வரும்,
கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.
அதனால்தான்,
தோள்பட்டை எலும்பின் ஓரத்துக்கடியில்
அவள் நான்கு விரல்களை நுழைத்ததும்
தெரிந்துபோனது:
இவளுக்கும் அந்த இடம் தெரியும்.

உள்ளே ஏதோ சடக்கென்றது.
பல்லைக் கடித்துக்கொண்டேன்,
இதோ பிய்க்கப்போகிறாள்.

தூக்கிப் பார்த்தாள்.
திரும்ப அதே இடத்தில் வைத்தாள்.

பிறகு, கேட்காமலே இடது இடுப்புக்குப் போனாள்.
அங்கே நான் குறி போடவில்லையே என்றேன்.
"நீங்கள் போடவில்லை" என்றாள்.
சாக்கடைப் பக்கம் தரை சரிவு.
பதினோரு வருஷமாக அந்தக் காலில்தான் நிற்கிறேன்.
அதை யாரிடமும் சொன்னதாக நினைவில்லை.

அப்புறம் ஒரு சத்தத்தில் விழித்தேன்.
என் குறட்டை.
வாயோரம் ஒழுகிய ஒரு சொட்டு
துளை வழியாகக் கீழே போய்க்கொண்டிருந்தது.
வெள்ளைச் செருப்பு ஓசைப்படாமல்
ஓர் அங்குலம் நகர்ந்து இடம்விட்டது.
அவள் கை நிற்கவே இல்லை.

எழுந்ததும் ஒரு தம்ளர் தண்ணீர்.
"பக்கவாட்டில் புரண்டு, மெதுவாக.
நாளைக்கு அடித்துப் போட்டதுபோல் இருக்கும், பயப்படாதீர்கள்.
மூன்றாம் நாளும் அப்படியே இருந்தால் கூப்பிடுங்கள்.
அடுத்தது வியாழன்."
மணிக்கட்டில் பட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டே சொன்னாள்.
உங்களுக்கு யார் செய்துவிடுவார்கள் என்று கேட்க நினைத்தேன்.
அடுத்த ஆள் கதவருகே குரலைச் செருமினார்.

கண்ணாடியில் முகத்தைச் சுற்றி
துளையின் வட்டம் சிவப்பாக.
காற்றில் பேருந்து நிறுத்தம்வரை
அதைச் சுமந்துகொண்டு போனேன்.

சொன்னபடியே மறுநாள் வலித்தது,
ஆனால் வேறு யாருடைய வலியோபோல.
ஆறு மணி ஷிஃப்ட்.
பெல்ட் ஓடத் தொடங்கியது.
முதல் நண்டு வந்தது.
கட்டைவிரல் தானாக அந்த விளிம்பில் போய் நின்றது.
ஓட்டைக் கொஞ்சமாகத் தூக்கிப் பார்த்தேன்.

பின்னால் மேற்பார்வையாளர் பாஸ்த்தியாஸ்
கடிகாரத்தைத் தட்டினான்.

உடைத்தேன்.