இடது மூலை

எங்கள் அணிக்கு இந்த வருடம் வேண்டியது
ஒரு இடது கார்னர்.
வயது இருபத்திரண்டுக்குள்.
எடை எண்பதைத் தாண்டக்கூடாது.
விலை, ஏலத்தின் அடிமட்ட விலை.
புனேயிலிருந்து வந்த தாளில் இவ்வளவுதான்.
மீதியைக் கண்ணால் பார்த்து நிரப்பச் சொல்லி
உசிலம்பட்டிக்கு அனுப்பினார்கள்.

கல்லூரி மைதானத்தில்
கூடைப்பந்துத் தரைமேல் மேட் விரித்திருக்கிறது.
ஒரு துண்டு மட்டும் வேறு நிறம்.
மதியம் இரண்டு மணி.
சூடு தாங்காமல் பையன்கள்
கோழிபோலக் கால் மாற்றி நிற்கிறார்கள்.
ஒருவன் பக்கெட்டில் கொண்டுவந்து தண்ணீர் தெளிக்க,
வழுக்குமடா என்று நடுவர் கத்த,
துடைப்பதற்குத் தன் பனியனையே கழற்றுகிறான் இன்னொருவன்.

முதல் ஆட்டத்தில் மேலூர்ப் பையன், நவநீதன்.
கணுக்காலில் கை விழுந்தால் பூட்டுத்தான்.
ஐந்து டேக்கிள்.
ஒவ்வொன்றுக்கும் கூட்டம் எழுந்துகொள்கிறது,
ஒவ்வொன்றுக்கும் அவன் என்னைத் திரும்பிப் பார்க்கிறான்.
நான் யாரென்று யார் சொல்லித் தொலைத்தார்களோ.
எழுதினேன்: கை நல்ல கை.
அவசரத்தில் மூன்று பாயிண்ட் தானம் கொடுத்தான்.

அடுத்த ஆட்டத்தில்தான் அவன்.
சட்டையில் பதினாலு;
நாலு உதிர்ந்துபோய் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது.
காசிமாயன்.
பாதி ஆட்டம் வரை நான் அவனைப் பார்க்கவேயில்லை.

முப்பத்தொரு ரைடு.
அவன் பக்கம் வந்தது இரண்டு.
அந்த இரண்டும் போனஸ் கோட்டுக்கு முன்னாலேயே
நினைத்துக்கொண்டு திரும்பின.
மூச்சைக் கட்டி கபடி கபடியென்று நுழைகிறவன்
தோளை இவன் பக்கம் காட்டுவான்,
கால் மட்டும் தன்னால் அந்தப் பக்கம் ஒதுங்கும்.
ஒரு நாய் இருக்கிற தெருவை
பால்காரர் சுற்றிப் போவதில்லையா, அப்படி.
அந்த நாய் குரைத்து யாரும் கேட்டதில்லை.

இவன் செய்ததெல்லாம்
அரை அடி முன்னால், அரை அடி பின்னால்.
முழங்கால் மடிப்பு மாறவில்லை.
கண் ரைடரின் இடுப்பில்.
ஒதுங்கியவர்களை எல்லாம்
வலது பக்கத்துக்காரர்கள் அள்ளிக் குவித்தார்கள்.
கோப்பை வலது கவருக்கு.

மைதானச் சுவருக்கு மேலே கண்மாய்க்கரை தெரிகிறது.
உடைந்த வருடத்தைத் தேதியோடு சொல்வார்கள் இங்கே.
நின்ற வருடங்களை யார் சொல்வது?

புனேக்குப் போன் போட்டேன்.
எத்தனை டேக்கிள்?
ஒன்றுமில்லை.
அப்புறம் எதற்கு இந்தப் போன்?
அவனிடம் யாரும் வரவில்லை, அதைச் சொல்லத்தான்.
கொஞ்ச நேரம் சத்தமில்லை.
சரி, வீடியோ அனுப்பு.

பிளாஸ்டிக் நாற்காலியில் ஏறி நின்று
முதலாமாண்டு மாணவன் ஒருவன் எடுத்த வீடியோ.
ரைடர் போகிற பக்கமெல்லாம் கேமரா போகிறது.
ரைடரோ இவன் பக்கம் போகவே இல்லை.
நாற்பது நிமிடத்தில்
ஓரத்தில் ஒரு பெருவிரல்,
பிளாஸ்திரியின் ஒரு முனை,
ஒரு தடவை, அரை முதுகு.

குழாயடியில் பக்கத்தில் நின்று தண்ணீர் குடித்தான்.
ஏலத்துக்கு முன் பேசக்கூடாது, விதி.
அவன் கூட்டாளியிடம் சொல்லிக்கொண்டிருந்தான்:
'இன்னைக்கு எனக்கு ஒண்ணுமே அமையலடா.
சும்மாவே நின்னுட்டேன்.
அவனுக எவனும் வரவே மாட்டேங்குறானுக.'
நான் வாயைத் துடைத்துக்கொண்டு நகர்ந்தேன்.

மதுரை பஸ்ஸில் சன்னலோர இடம்.
தாளில் ஏழு கட்டங்கள்,
ஏழிலும் எண்தான் போகும்.
நவநீதனுக்கு நிரம்பிவிட்டது.
காசிமாயனுக்கு நேரே பூச்சியம், பூச்சியம்,
எடை எழுபத்தாறு,
மறுபடி பூச்சியம்.
பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தேன்;
கருமாத்தூர் வரை எழுதினேன்.
அலுவலகத்தில் முன்பக்கத்தைத்தான் பார்ப்பார்கள்,
பத்து வருடமாக எனக்குத் தெரியும்.

செக்கானூரணியில் ஆள் ஏறிக்கொண்டிருந்தபோது
தாளைத் திருப்பி முழங்காலில் வைத்து
பின்பக்கத்தை மட்டும் படமெடுத்தேன்.
பஸ் கிளம்பிக் குலுங்கியதில்
எழுத்தெல்லாம் இரண்டிரண்டாய் விழுந்திருந்தது.
மறுபடி எடுத்தேன்.