காய்ச்சல் ரொட்டி

பத்திரம் பதிந்து வெளியே வர மணி மூன்றே கால்.
பெருவிரல் மையைத் துடைக்க
எப்சிபா அக்கா கைக்குட்டை எடுத்தாள்.
கோயில்பிள்ளை அண்ணன்
எல்லோரும் துடைத்த சுவரிலேயே துடைத்தான்.
நான் அப்படியே விட்டுவிட்டேன்.

முப்பத்தாறு சென்ட். மூன்று பேர்.
சர்வேயர் வந்து அளந்த நாளிலிருந்து
எங்களுக்குள் பேச்சு
வக்கீல் குமாஸ்தா வழியாகத்தான்.
அன்றைக்குச் சாரல் வலுக்காமல் இருந்தால்
பாவூர்சத்திரத்திலிருந்து
மூன்று வண்டி, மூன்று திசை.

எதிரே ஃபேமிலி ரெஸ்டாரண்ட்.
பலகையைப் படித்துவிட்டு
அண்ணன் மூக்கால் சிரித்தான்.

மீன்தொட்டியில் மீன் இல்லை,
மோட்டார் மட்டும் குமிழி விட்டுக்கொண்டிருந்தது.
நேற்று யாருக்கோ பிறந்தநாள் போலும்.
காற்றுப் போகாத ஒரு பலூன்
ஏசிக்குக் கீழே
மேசை மேசையாக விசாரித்துக்கொண்டு போனது.

மெனு கார்டு கல்யாண ஆல்பம் கனம்.
பீட்சா?
"மாஸ்டர் லீவு."
நூடுல்ஸ்?
"ஆறு மணிக்கு மேல."
பரோட்டா?
"மாவு இப்பத்தான் பெசையுதாங்க."
சாப்பாடு முடிஞ்சிட்டு. சாண்ட்விச்னா உடனே ஆகும்,
என்றான் பையன்.
அவன் சட்டையில் குத்தியிருந்த பெயர்
நிச்சயம் அவனுடையது இல்லை.

"ரொட்டியா? யாருக்குக் காய்ச்சல்?"
மீன்தொட்டியைப் பார்த்து அக்கா கேட்டாள்.
ஏழு மாதத்தில்
குமாஸ்தா இல்லாமல் வந்த முதல் கேள்வி.

எங்கள் வீட்டில் ரொட்டி
பாலில் முக்கி, விழுங்கி,
போர்வைக்குள் போவதற்கு.
ஒரு பிளேட் போதும் என்றோம்.
மழை விடும்வரை உட்கார ஒரு சாக்கு.

வந்தது.
வாழையிலைத் துண்டில் நான்கு முக்கோணம்.
தோசைக்கல்லில் நல்லெண்ணெய் விட்டு
எதையோ பாரம் வைத்து அழுத்தியிருக்கிறார்கள்,
முதுகில் வட்டத் தடம்.

கடித்தேன்.
நொறுங்கியது.
அப்புறம், கூப்பிடாத இடத்திலிருந்து, இஞ்சி.
சொதிக்குத் தொட்டுக்கொள்ள வைப்பார்களே, அதே பச்சடி,
புளியும் வெல்லமும் சுண்டிக் கறுத்தது,
ரொட்டியின் உள்முகம் முழுக்க.
அதன்மேல் மசிக்காமல் உதிர்த்த கிழங்கு,
நல்லமிளகு,
தாள் மாதிரி அரிந்த பச்சைப் பல்லாரி.
உறைப்பு முடியும் இடத்தில் இனிப்பு,
அது முடியுமுன் மறுபடி உறைப்பு.

"ஏல" என்றான் அண்ணன்.
எங்களை அப்படிக் கூப்பிட மாட்டான்.
ரொட்டியைத்தான்.

அக்கா கைக்குட்டையை மறந்து
விரலை நக்கினாள்.
"இது யாரு செஞ்சது?"
"மத்தியானம் மறுவீட்டுக்குச் சொதி ஆர்டர்க்கா.
பச்சடி மிஞ்சிட்டு. தக்காளி சாஸ் தீந்துட்டு.
அதான் இதைத் தடவிட்டாவ."
ஏதோ தப்பு செய்தவன் மாதிரி நின்றான்.

இன்னொரு பிளேட்?
"ரொட்டியும் தீந்துட்டு."

நடுவில் நாலாவது துண்டு.
பன்னிரண்டு பன்னிரண்டாகப் பிரித்துக்கொள்ள
எங்களுக்கு ஏழு மாதம் ஆகியிருந்தது.
அண்ணன் தண்ணீர் குடித்தான்.
அக்கா இலையின் ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்தாள்.
மோட்டார் குமிழி விட்டது.

நான் எடுத்தேன்.
பெருவிரல் மை ரொட்டி ஓரத்தில்
நீலமாகப் பதிந்துவிட்டது.
பதிந்த பிறகு என்ன?
மையோடு சேர்த்துத் தின்றேன்.

இரண்டு பேரும் ஏசினார்கள்.
சின்னதிலேயே இவ இப்படித்தான்,
மிட்டாய்க் கவரைக்கூட நக்குவா,
கேட்டுத் திங்கணும்னு தெரியாது,
ஒருத்தர் விட்ட இடத்தில் மற்றவர் எடுத்து.
பலூன் எங்கள் மேசைக்கு வந்து நின்று கேட்டது.
எனக்கு வாய் நிறைய இஞ்சி.
பதில் சொல்ல வழியில்லை.

சாரல் எப்போது விட்டதென்று யாரும் பார்க்கவில்லை.
பில் தொண்ணூறு ரூபாய்.
ஆளுக்கு முப்பது என்று
கணக்கு எல்லோர் முகத்திலும் ஓடி
அங்கேயே நின்றது.
அண்ணன் சட்டைப்பையைத் தடவிக்கொண்டே
பையனிடம் கேட்டான்:
"சனிக்கிழம வந்தா இது கிடைக்குமால?"

"யாருக்காவது மறுவீடு வரணும் அண்ணாச்சி."