பிழை திருத்தம்

ஒலெகாரியோ இத்துர்ரால்தே காலமானார் என்று
மான்டவிடியோவிலிருந்து தந்தி வந்தபோது
மாட்டுச் சந்தை விலைக்கு
ஈய எழுத்துக் கோத்துக்கொண்டிருந்தேன்.
"செனட்டர் என்று தொடங்கு" என்றார் ஆசிரியர்.
என் கை
கோல்கீப்பருக்கான எழுத்துகளைத் தேடிப் போயிற்று.

மழை ஞாயிறுகளில்
தோல்பந்து நனைந்த ஆட்டுக்குட்டியாய்க் கனக்கும்.
அப்படியொன்று அவர் இடது சுண்டுவிரலை ஒடித்தது.
கோணலாய்ச் சேர்ந்த விரல்
தட்டச்சில் அதன் எழுத்தை எட்டாது.
ஸ்பானிய மொழியில் அடிக்கு அடி வரும் 'அ' அது.
இருபது வருடம்
அவர் விட்ட 'அ'க்களையெல்லாம் நான் போட்டேன்.
கூலி இல்லாத வேலை.

ஆட்டம் முடிந்ததும் சேறு காயாத முழங்காலோடு
அச்சகத்துக்கு வருவார்.
'மூன்றாம் கம்பம்' என்ற புனைபெயரில்
தன் ஆட்டத்தைத் தானே எழுதுவார்.
"ரயில்வே கோல்கீப்பர் இன்று நின்றபடி தூங்கினார்."
மறுநாள் மதுக்கடையில்
அந்த எழுத்தாளன் யாரென்று தெரிந்தால்
பல்லை உடைப்போம் என்று
அவருக்காகவே சிலர் சபதம் செய்வார்கள்.
அவரும் சேர்ந்து சபதம் செய்வார்.

பிறகு தேர்தல்.
எங்கள் ஊரில் பிள்ளை பிறந்ததுமே
கட்சியின் நிறம் ஒட்டிக்கொள்ளும்;
இவருக்கு மட்டும் இரு நிறத்தாரும் வாக்களித்தார்கள்.
இறைச்சி ஆலை வாசலில்
ஒரு பெட்டிமேல் ஏறி நின்று பேசுகையில்
கைகள் இரண்டும் தாமாக விரிந்துகொள்ளும்,
ஓர் உதையும் தப்பவிடாதவர்போல.
நம்பினோம்.

ஐம்பத்தைந்தில் கூலி நிறுத்தச் சட்டம்.
ஆதரித்துக் கை தூக்கினார்.
கோணல் விரல் உள்ள கை என்று கேள்வி.
பேச்சின் பிரதி தபாலில் வந்தது.
அன்று மட்டும் ஒரு 'அ' கூட நான் போடவில்லை.
ஓட்டை ஓட்டையாய்
முதல் பக்கத்தில் வந்தது தேசப்பற்று.

அடுத்த வாரம் வந்தார். திட்டவில்லை.
மாத்தே குடுவையை என்னிடம் நீட்டினார்.
உறிஞ்சிவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.
கொதிநீர் தீரும்வரை
இருவரும் பேசவில்லை.

ஐம்பத்தெட்டில்,
தேர்தலுக்கு மூன்று வாரம் இருக்கும்போது,
ஒரு துண்டுத் தாள் கொண்டுவந்தார்:
"முப்பத்தொன்றாம் ஆண்டு துறைமுக அணியோடு நடந்த ஆட்டத்தில்
நான் பிடித்ததாக இதே பத்திரிகையில் நானே எழுதிய பந்து
கோட்டுக்கு ஒரு சாண் உள்ளே இருந்தது.
திருத்தி வாசிக்கவும்."
பைத்தியமா என்றார் ஆசிரியர்.
இரவு, எல்லோரும் போனபின்,
இருப்பதிலேயே பொடி எழுத்தில்
படகு நேரத்துக்கும் காணாமற்போன குதிரைக்கும் நடுவில்
அதைச் செருகினேன்.
'அ' அனைத்தும் போட்டு.

இருநூற்றுப் பன்னிரண்டு வாக்கில் ஜெயித்தார்.
அந்தத் துண்டை யாரும் படித்ததாய்த் தெரியவில்லை,
பிபியானோ தெச்சேராவைத் தவிர.
அந்தப் பந்தை உதைத்தவன்.
ஆலையில் குளம்பு வெட்டுகிறவன்.
ரத்தம் உறைந்த பூட்சோடு வந்து
தாளை வாங்கி, மடித்து, தொப்பிக்குள் வைத்தான்.
"கோல் வந்துவிட்டது" என்றான்.
"கூலி?"

அதற்குத் திருத்தம் வரும் என்று
நானும்தான் காத்திருந்தேன்.
ஒவ்வொரு தபாலையும்
முதலில் நானே பிரித்தேன்.

இப்போது கறுப்புக் கட்டம் தயார்.
அவர் பெயரில் இரண்டு 'அ'.
கோத்தேன்.
ஒன்றை எடுத்தேன்.
விரல் நுனியில் ஈயம் குளிர்ந்தது.
ஆசிரியர் கடிகாரத்தைப் பார்த்தார்.
திரும்ப வைத்தேன்.
எந்திரம் ஓடத் தொடங்கியது.