பதினைந்துக்குப் பிறகு ஒன்பது

பிஷ்கெக்கில் மழை இல்லை.
மலைமேல் பெய்வதை
ஒரு பச்சைக்கோடு மட்டும் சொல்கிறது:
பட்டியலில் நாற்பத்தொன்றாம் ஏரி
மணிக்கு ஒன்பது சென்டிமீட்டர் ஏறுகிறது.

மூன்றாம் மாடியில் பெர்மெத் தனியாக.
ஏரி உடைந்தால் எந்தப் பாலம், எத்தனை நிமிடம்
என்று கணக்கிடும் நிரல்
நாற்பது நிமிடமாக ஓடுகிறது,
நான்கு சதவீதம் தாண்டவில்லை.

டாப் என்று தட்டினாள்.
யார் எவ்வளவு தின்கிறார்கள் என்று
பந்தி விரிந்தது.
முதல் இலையில் 28417.
உரிமையாளர் குபானிச்.
பனியாற்று ஆய்வு, பதினோராம் நாள்.
ஆள் விடுப்பில், மேய்ச்சல் வெளியில்.
எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்றது போன்,
கிர்கீஸில் ஒரு முறை, ரஷ்யனில் ஒரு முறை.

ரீநைஸ்.
நைசாக நழுவுவதல்ல இந்த நைஸ்;
பிறருக்கு வழிவிடும் அளவு.
எண் ஏற ஏற இடம் இறங்கும்.
பத்தொன்பது: கடைசிப் பந்திக்கும் காத்திருப்பவன்.
கழித்தல் இருபது:
பரிமாறுபவன் கையைப் பிடித்து இழுப்பவன்.
தன்னைத் தாழ்த்திக்கொள்ள யாருக்கும் அனுமதி உண்டு,
உயர்த்த மட்டும் ரூட் வேண்டும்.
(எங்கள் அலுவலகத்திலும் இதுதான் சட்டம் என்பாள்,
எழுதித்தான் வைக்கவில்லை.)

ரூட் அவளிடம் இருந்தது.
அவன் பனியைப் பத்தொன்பதுக்கு இறக்கி
வெள்ளத்தைக் கழித்தல் பத்துக்கு ஏற்றினாள்.
நான்கு ஆறானது.
ஆறிலேயே நின்றது.
குறைந்தது நேரமல்ல, இடம்:
நினைவகம் முழுக்க அவனுடைய பனி.

நில், என்றாள்.
நின்றது. நின்ற இடத்தை விடவில்லை,
சாலை நடுவே படுத்த யாக்கைப்போல.

பிறகு, கில்.
பெயரைக் கேட்டுப் பயப்படவேண்டாம்,
பெரும்பாலும் அது வெறும் தபால்காரன்.
பதினைந்து என்றால்
போதும், எடுத்துவை, எழுந்திரு.
அனுப்பினாள்.
நிறுத்திவைத்தவன் காதில் விழாது என்று நினைவு வந்து
பதினெட்டும் அனுப்பினாள்: நட.
நடந்தது. போகவில்லை.
உட்கார்ந்து மறுபடி தின்றது.

அவன் நிரலைத் திறந்தாள்.
இருநூற்றுப் பன்னிரண்டாம் வரி:
பதினைந்து வந்தால் கண்டுகொள்ளாதே.
பக்கத்தில் அவன் குறிப்பு,
'யாரோ இரண்டு முறை நிறுத்திவிட்டார்கள்.'
அந்த யாரோ அவள்தான்.
மார்ச்சில். ஒரு முறை தவறுதலாக.

ஏரி இப்போது பதினொரு சென்டிமீட்டர்.
அதைத் தாங்குவது சுவரல்ல, பனியும் கல்லும்.
கீழே மிர்லானின் அளவீட்டுக் குடில்,
அதற்கடுத்து பாலம்,
அதற்கடுத்து நூற்றறுபது கம்பளிக் கூடாரங்கள்.
எது குபானிச்சுடையது என்று
வரைபடத்தில் இல்லை.

ஒன்பது என்பது சேதியே அல்ல.
அது அவனிடம் போவதில்லை,
கெர்னலிடம் போகிறது.
எடுத்துவைக்க நேரம் கிடையாது,
கேளாதே என்று எழுதிவைக்க வரி கிடையாது.
உறுதியா என்றுகூட
இந்தத் திரை கேட்பதில்லை.

தட்டினாள்.

பதினோரு நாள்
ஒரு எழுத்தும் விட்டுவைக்காமல் போயிற்று.
ஆறு. பதினான்கு. முப்பத்தொன்று.
இரண்டு ஐம்பதுக்கு விடை:
பாலத்துக்கு நாற்பத்தேழு நிமிடம்.
'எழுப்பு, மிர்லான்' என்றாள் போனில்,
'நாய்களையும்.'

ஏரி உடையவில்லை.
விடியும்போது அதுவாக வடிந்தது.

வியாழனன்று குபானிச் வந்தான்,
மூக்குத்தோல் உரிந்து, சளி பிடித்து.
மேட்டில் போர்வையோடு நடுங்கிய கூட்டத்தில்
அவனும் இருந்திருக்கிறான்.
திரையை வெகுநேரம் பார்த்தான்.
'முதலில் பதினைந்து அனுப்பினாயா?'
'அனுப்பினேன்.'
'எவ்வளவு நேரம் காத்திருந்தாய்?'
சொன்னாள்.

நாற்காலியை இழுத்துப்போட்டு
முதல் நாளிலிருந்து மறுபடி தொடங்கினான்.
இந்த முறை கட்டளைக்கு முன்னால்
அவனே நைஸ் என்று தட்டினான்.
பத்தொன்பது அல்ல.
பத்து.