நடுவில் நாலு கட்டம்

பாபு ராவ் தெருவில்
இரவு பத்துக்கு மேல் ஷட்டர் பாதி இறங்கும்.
மாடிப்படிக்கு அடியில் என் மேஜை:
சாவிப் பலகை, கொசுவர்த்தி, பதிவு நோட்டு.
ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் தூங்கப் போவார்கள்.
தூக்கம் வராதவர்கள் இறங்கி வருவார்கள்.

பதினேழாம் நம்பர் தபன் அப்படித்தான் வந்தார்.
பாங்குராக்காரர். மனைவிக்குச் சிறுநீரகம்.
என் இந்தி அவருக்குப் புரியாது.
அவர் தமிழ் மொத்தம் மூன்று சொல்:
தண்ணி, எவ்ளோ, போதும்.
கக்கத்தில் ஒரு காந்தச் சதுரங்கப் பலகை.
கறுப்பில் ஒரு சிப்பாய் தொலைந்து
மருந்துப் புட்டி மூடி நின்றது அந்த இடத்தில்.

எனக்குக் காய் நகரும் விதம் தெரியும், அவ்வளவே.
முதலில் ஓரச் சிப்பாயைத் தள்ளினேன்.
அடுத்து மறு ஓரம்.
யானைக்கு வழிவிடுகிற நினைப்பு.
குதிரையை விளிம்பில் கட்டினேன்,
அங்கேயாவது அடிபடாமல் இருக்கட்டும் என்று.
சுவரோரம் சாய்ந்தே வளர்ந்தவன் நான்;
வகுப்பில் கடைசி பெஞ்ச், கல்யாணத்தில் கடைசிப் பந்தி.
பதினோரு நகர்த்தலில் என் ராஜா
சொந்த ஆட்களுக்கு நடுவிலேயே
மூச்சுமுட்டிச் செத்தான்.

தபன் சிரிக்கவில்லை.
பலகையைக் காலி செய்து
ஒற்றைக் குதிரையை மூலையில் வைத்தார்.
அது பாயக்கூடிய கட்டங்களில்
பொட்டலத்து வேர்க்கடலையை வைத்தார்.
இரண்டு கடலை.
நடுவில் நாலு கட்டத்தைச் சுற்றி விரலால் வட்டமிட்டு
குதிரையை அதற்குள் இறக்கினார்.
கடலை வைத்துக்கொண்டே போனார்.
எட்டு.
"எவ்ளோ?" என்றார்.

எனக்குக் கிரீன் சர்க்கிள் ஞாபகம் வந்தது.
பாகாயத்தில் நிற்பவனுக்கு
எந்த டவுன் பஸ் வந்தாலும் காட்பாடிப் பக்கம்தான்.
கிரீன் சர்க்கிளில் நிற்பவன்
சென்னை போகலாம், பெங்களூர் போகலாம்,
மனசு மாறினால்
கோட்டையைப் பார்த்துத் திரும்பி நடக்கலாம்.
எங்கே போவான் என்று எதிராளிக்குத் தெரியாது.
அவனுக்கே தெரிய வேண்டியதில்லை, இப்போதைக்கு.

மறுநாள் ராஜாவுக்கு முன்னால் நின்றவனை
இரண்டு கட்டம் அனுப்பினேன்.
மந்திரிக்கு வாசல் திறந்தது. ராணிக்கும்.
ஒருத்தன் அசைந்ததில் இரண்டு கதவு!
மக்கானில் தூண் நிற்கிற ஊர் இது,
சிப்பாய் என்றால் சும்மாவா என்று
அவரிடம் தமிழிலேயே பெருமை பேசினேன்.
கடலையைக் கொறித்துக்கொண்டு கேட்டார்.

பெருமைதான் கெடுத்தது.
பக்கத்தில் இருந்தவனையும் அனுப்பினேன், அவன் பக்கத்தவனையும்.
நடு முழுக்க என் கொடி.
தூரத்து மூலையிலிருந்து அவர் மந்திரி
எதிர்வீட்டு ஜன்னல் மாதிரி
குறுக்கே பார்த்துக்கொண்டே இருந்தார்.
காவல் இல்லாதவன் முதலில் போனான்,
பிறகு வரிசையாக.
நடுவில் நிற்கிறவனுக்குப் பின்னால்
யாராவது நிற்க வேண்டும்.
இதை யாரும் சொல்லவில்லை,
மருந்து மூடி என் கடைசிச் சிப்பாயைத் தின்றபோது
நானாகத் தெரிந்துகொண்டேன்.

இடையில் ஒருநாள் மேஜையை இழுத்து
கூடத்து நடுவில் போட்டேன்.
வாசல், படி, தண்ணீர் கேன்
எல்லாம் ஒரே பார்வையில்.
ஜமீல் பாய் காலையில் வந்து
"வழியில குந்திக்கினு இன்னாடா பண்ற?" என்றார்.
திரும்ப இழுத்துப் போட்டேன்.

ராஜா இல்லாத கோட்டை என்று
எங்கள் ஊரைக் கேலி செய்வார்கள்.
மூன்றாம் வாரம் என் ராஜாவைக் கோட்டைக்குள் அனுப்பிவிட்டு
நடுவைக் கவனித்தேன்.
அன்று தோற்க நாற்பது நகர்த்தல் ஆனது.

புதன்கிழமை தபன் வரவில்லை.
அவர் மனைவி வந்தார், ஒவ்வொரு படியாக,
முழங்கை மடிப்பில் பிளாஸ்திரியோடு.
கன்னத்தில் கை வைத்துக் காட்டினார்:
மேலே தூங்குகிறார்.
"தண்ணி" என்றார்.
கால் டம்ளர் ஊற்றுவதற்குள் "போதும்" என்றார்.

முடியாத செவ்வாய்க்கிழமை ஆட்டம் மேஜையில் இருந்தது.
பழக்கதோஷம், என் குதிரை விளிம்பில்.
வெகுநேரம் பார்த்துவிட்டு
அதை எடுத்து நடுப்பக்கமாக வைத்தார்.
புருஷனுக்கு எதிராக.
பிறகு பலகையைச் சாய்த்து
அடியில் மையால் எழுதியிருந்த வங்காளப் பெயரைத் தொட்டார்.
அது தபன் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.
விரலைத் திருப்பித்
தன் நெஞ்சில் வைத்தார்.