இன்ஜின் மூடிக்குக் கீழே

எம்லின் புரோசரின் இடது கெண்டைக்காலில் ஒரு புண்.
வாரம் இருமுறை கட்டு மாற்றப் போகிறேன்.
ராட்னர்ஷயரில் இந்தப் பக்கம்
வீட்டுக்கு வீடு நாலு மைல்;
நடுவில் வேலிப்புதர், ஆடுகள்,
ஆஸ்பத்திரி கொடுத்த என் சின்னக் கார்.

ஏப்ரல் கடைசியில் அவர் டிராக்டர் நின்றது.
பழுதில்லை. மூடியைத் தூக்கிக் காட்டினார்:
பேட்டரிக்கும் ரேடியேட்டருக்கும் இடையில்
பாசி, ஆட்டுரோமம், நீல நைலான் நூல் ஒன்று,
அதற்குள் சாம்பல் தெளித்த ஐந்து முட்டை.
வெள்ளை வாலாட்டி.
வாலை ஆட்டுவதைத் தவிர
வேறு ஜோலி இல்லாதது என்றிருந்தேன்.

"இருபத்தேழு நாள்" என்றார்.
அடைக்குப் பதின்மூன்று, இறகுக்குப் பதினாலு.
காலண்டரில் வட்டம் போட்டிருந்தார்.
என் வருகைக்கு ஒருநாளும் போடாத வட்டம்.

பக்கத்துப் பண்ணையில் இரவல் கேட்கப் போனார்.
அங்கே பதினோரு வருடமாகப் பேச்சில்லை,
ஏதோ வாய்க்கால் தகராறு.
டிராக்டர் வந்தது. பேச்சு வரவில்லை.

இந்த வட்டாரமே இப்படித்தான்.
மைர் பெவன் தபால் பெட்டியை
நீலச் சிட்டுக்கு விட்டுவிட்டு
கடிதங்களை வாளியில் வாங்குகிறாள்;
மழை நாளில் கரண்ட் பில் ஊறிக் கூழாகிறது.
ஆற்றோர வயலில் குதிரைமலைக் கோட்டான்
நாலு முட்டையின் கூர்முனையையும் உள்ளே திருப்பி வைத்துத்
தரையிலேயே கிடக்கிறது. கூரையில்லை, சுவரில்லை,
புல் உயரும் என்கிற ஒரே நம்பிக்கை.
தகைவிலான்கள் மட்டும் எவரையும் கேட்பதில்லை.
குட்டையில் ஈரமண் கவ்வி, ஆயிரம் தடவை பறந்து,
டாக்டர் வீட்டு வாசலுக்கு நேர் மேலே குடித்தனம்;
ரத்த அழுத்தம் பார்க்க வருகிறவர்கள்
தோளில் எச்சத்தோடு உள்ளே வருகிறார்கள்.

பதினேழாம் நாள் நான் போனபோது
எம்லின் காலை ஸ்டூலில் நீட்டித் தயாராக இருந்தார்.
கட்டைப் பிரித்தேன். இளஞ்சிவப்பு.
புதுத்தோல் விளிம்பிலிருந்து
உள்நோக்கி நடந்து வருகிறது.
ஆறிவருகிறது என்றேன்.
"பூனை" என்றார்.

அவருடைய பூனையேதான். இரவில், அடிப்பக்கமாக ஏறி.
அடுப்போரம் படுத்துக் காதைச் சொறிந்துகொண்டிருந்தது.
அவர் அதை வையவில்லை.
தட்டில் பால் வைத்திருந்தார்.

மருந்துப் பஞ்சு, வலைத்துணி, மேல்சுற்று.
இறுக்கமாக இல்லையே என்று கேட்டேன்.
இல்லை என்றார்.
வெளியே, ஆணோ பெண்ணோ, எனக்குப் பிரித்துத் தெரியாது,
வாய் நிறையப் பூச்சியோடு ஒன்று
டிராக்டர் மூடிமேல் ஓடியது, நின்றது, வாலை ஆட்டியது,
மறுபடி ஓடியது.

"இனி சாவி போட்டுப் பார்க்கலாமே"
என்றேன், காரில் ஏறுமுன்.
"இன்னும் பத்து நாள் இருக்கு" என்றார்,
காலண்டரைப் பார்க்காமல்.