நாற்பத்தைந்து மைலில் ஒரு சத்தம்

கதவுக்குக் கீழே திருப்புளியால் குத்திப் பார்த்தார் டன்ஸ்டன்.
பிடிவரைக்கும் உள்ளே போயிற்று.
"பஞ்சுமிட்டாய்" என்றார்.

அறுபத்தேழாம் வருஷத்து ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர்.
எக்ரிமண்ட் பக்கம் ஒரு கோழிப்பண்ணைக் கொட்டகையில்
பதினெட்டுக் குளிர்காலம் நின்றது.
இருக்கையில் கோழி அடைகாத்த பள்ளம்.
ஓட்டுகிற பக்கம்தான் கோழிக்கும் பிடித்திருக்கிறது.

நான் பியானோவுக்குச் சுருதி சேர்ப்பவள்.
கம்ப்ரியாவின் மேற்குக் கரையில்
இருபது தேவாலயம், நான்கு பள்ளிக்கூடம்,
மில்லமில் ஒரு பல்மருத்துவர் வீடு.
ஓடிக்கொண்டிருந்த வேனை விற்று
ஓடாத இதை வாங்கினேன்.
வங்கியில் என்ன காரணம் சொன்னேன் என்று
எனக்கே இப்போது நினைவில்லை.

சுரண்டச் சுரண்ட
சிவப்புக்கடியில் பச்சை,
பச்சைக்கடியில் விரல் தடிமனுக்குப் பட்டி,
பட்டிக்கடியில் செய்தித்தாள் கூழ்,
அதற்கும் அடியில் ரிவெட் அடித்த
பிஸ்கட் டப்பா மூடி.
யாரோ ஒருவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை,
தேநீர் குடித்த கையோடு
காருக்கு ஒட்டுப் போட்டிருக்கிறார்.
டன்ஸ்டன் அதைக் குப்பையில் எறிந்தார்.
நான் எடுத்துக் கழுவினேன்.
என் சுருதி ஆணிகள் இப்போது அதில்தான்.

நவம்பரிலிருந்து ஏப்ரல்வரை வெல்டிங்.
பிறகு மின்கம்பிகள்.
இடது இண்டிகேட்டர் போட்டால்
பெட்ரோல் முள்ளும் கூடவே தலையாட்டியது.
அதைச் சரிசெய்ததும் ஹாரன் போனது.
ஹாரன் வந்தபோது மழை வந்தது,
வைப்பர் வரவில்லை.

இரட்டைக் கார்புரேட்டரை மட்டும்
யாரையும் தொட விடவில்லை.
முதலை வாய்போல முன்மூடி முழுசாய்த் திறந்து கிடக்க,
டயர்மேல் உட்கார்ந்து,
ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து
மறுமுனையை முதலில் இதன் வாயில், பிறகு அதன் வாயில்.
இரண்டும் ஒரே மூச்சாய் இழுக்க வேண்டும்.
ஒன்று ஸ்ஸ் என்றது,
மற்றது கொஞ்சம் கட்டையாய் ஷ்ஷ்.
திருகை எள்ளளவு திருப்பினேன்.
இன்னும் அரை எள்.
அளவுமானியோடு வந்த டன்ஸ்டன்
வைத்துப் பார்த்துவிட்டு
மானியை உறையில் போட்டுக்கொண்டு போனார்.

"ஜனவரியில், உப்புக் கொட்டிய சாலையில் இதையா ஓட்டுவாய்?"
கேட்டவர் லாயல் கர்வென்.
அவரிடமும் இதே வண்டி, இதே வருஷம்.
டிரெய்லரில் ஏறிக் கண்காட்சிக்குப் போகும்,
கோப்பை வாங்கும்,
டிரெய்லரில் ஏறித் திரும்பும்.
"பாவம்" என்றார்.

பாவம்தான்.
நேற்று இதில் ஏறியவை:
சுருதிச் சுத்தி, கம்பளிப் பட்டைகள்,
ஒரு மூட்டை உருளைக்கிழங்கு,
காது வீங்கிய பல்மருத்துவர் வீட்டு நாய்.
கூரை ஒழுகும், சரியாய் வலது முழங்காலில்.
அதற்கென்று ஒரு துண்டு வைத்திருக்கிறேன்.
உப்பு அரிக்கும், தெரியும்.
பியானோத் தந்தியும் முறுக்கிய நொடியிலிருந்தே
இளகத் தொடங்குகிறது.
அதற்காக யாரும் வாசிக்காமல் பூட்டி வைப்பார்களா?
வைக்கிறார்கள்.
அந்த வீடுகளுக்கும் போயிருக்கிறேன்.
மூடிமேல் பூச்சாடி நிற்கும்.

ஒரு சத்தம் மட்டும் போகவில்லை.
நாற்பத்தைந்து மைல் வேகத்தில்தான் வரும்.
நாற்பத்துநான்கில் இல்லை, நாற்பத்தேழில் இல்லை.
ஸ்வரம் தெரியும்: பி ஃபிளாட், சற்று இறங்கினது.
இடம் தெரியாது.
டாஷ்போர்டைக் கழற்றினேன், இருக்கையைக் கழற்றினேன்,
ஒருமுறை டன்ஸ்டனைப் பின்பெட்டியில் படுக்கவைத்து ஓட்டினேன்.
அவர் மனைவி அதற்குப்பின் என்னோடு சரியாய்ப் பேசுவதில்லை.

பிப்ரவரியில், ரேவன்கிளாஸ் தாண்டி,
சத்தம் நின்றுவிட்டது.
நாற்பத்தைந்து. நாற்பத்தாறு. மறுபடி நாற்பத்தைந்து.
ஒன்றுமில்லை.
ஓரங்கட்டினேன்.
ஈரப்புல்லில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தேன்.
சக்கரம், நட்டு, புகைக்குழாய், எல்லாம் இருந்த இடத்தில்.
வேலிக்கு அப்பால் ஒரு செம்மறி
மென்றுகொண்டே என்னைப் பார்த்தது.
கை நடுங்கிற்று. குளிர் என்று வைத்துக்கொள்ளலாம்.

பூட்டில் வளைவில்
பள்ளத்தில் இறங்கித் தூக்கிப் போட்டது வண்டி.

பி ஃபிளாட்.

மில்லம்வரை
நாற்பத்தைந்திலேயே போனேன்.